டேப்லெட்டில் வரைய மேட் படலமா, வெறும் கண்ணாடியா, எந்த நிப்?

கேள்வி, மார்ச் 2

பேப்பரில் பல வருடம் வரைந்துவிட்டு இப்போதுதான் டேப்லெட்டுக்கு வந்திருக்கிறேன். பேனா கண்ணாடியில் வழுக்கிக்கொண்டே போகிறது. வளைவு போட்டால் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிடுகிறது. மேட் ஸ்கிரீன் கார்டு, அதாவது திரையைக் காக்கும் பளபளப்பில்லாத படலம், ஒட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள். அதுவே நிப்பைத் தின்றுவிடும் என்றும் சொல்கிறார்கள். எதை ஒட்டுவது, எந்த நிப் போடுவது?

மார்ச் 2, இரவு

மேட் ஒட்டுங்கள். நானும் இதே இடத்தில் நின்றவன்தான். வெறும் கண்ணாடியில் முதல் மூன்று மாதம் வரைந்த படங்களை இப்போது எடுத்துப் பார்த்தால் கண் இமை, விரல் நுனி, துணி மடிப்பு என்று கோடு முடிகிற இடத்திலெல்லாம் ஒரு சின்ன வால் நீட்டிக்கொண்டிருக்கும். கை நிறுத்தினாலும் பேனா நிற்கவில்லை. மேட் ஒட்டிய அன்றே அந்த வால் போய்விட்டது.

நிப் தேயும், உண்மைதான். உதிரி நிப் கையில் இருந்தால் போதும். கண்ணாடி கார்டு வாங்குவதாக இருந்தால் அட்டையில் 9எச் என்று இருக்கிறதா பாருங்கள், கீறல் விழாது.

மார்ச் 3, காலை

நேற்று எழுதிய கடைசி வரி தவறு. திருத்துகிறேன்.

9எச் என்பது பென்சில் அளவு. எச்பி, 2பி, 6பி என்று நம் பெட்டியில் கிடக்கிறதே, அதே வரிசை. ஒரு பூச்சு எவ்வளவு கடினம் என்று பார்க்க, பென்சிலை 45 டிகிரி சாய்த்து 750 கிராம் எடையோடு அதன் மேல் தள்ளுவார்கள். ஐஎஸ்ஓ 15184 என்ற தரமுறை இதைத்தான் சொல்கிறது. எந்தப் பென்சில் வரை தடம் விழவில்லையோ அதுதான் அந்தப் பூச்சின் மதிப்பு. 9எச் அந்த வரிசையின் கடைசிப் பென்சில். அதற்குத் தாங்கியது என்பது மட்டும்தான் அட்டையில் இருக்கும் எண்ணின் பொருள்.

கனிமங்களை ஒன்றால் ஒன்றைக் கீறி வரிசைப்படுத்தும் மோஸ் அளவு வேறு. அதில் சாதாரணக் கண்ணாடி சுமார் 5.5. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. ஒரு மணல் துகள் உள்ளங்கைக்கும் திரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் 9எச் கண்ணாடியிலும் கீறல் விழும். வரைய உட்காரும் முன் திரையைத் துடையுங்கள், கை விளிம்பையும் துடையுங்கள். எனக்கு இது வழக்கமாக வெகுநாள் ஆயிற்று. என் திரை கீறிய கதையை அப்புறம் எழுதுகிறேன்.

மார்ச் 3, மதியம்

உங்கள் பேனா எந்த வகை என்று தெரியாமல் நிப் பற்றிச் சொல்லிப் பயனில்லை. ஆப்பிள் பென்சிலா, சாம்சங் எஸ் பென்னா, வாகம் கம்பெனியின் வரைபலகைப் பேனாவா? அதைச் சொல்லுங்கள். உருண்டையான ரப்பர் முனை வைத்த சாதாரண ஸ்டைலஸாக இருந்தால் முதலில் மாற்ற வேண்டியது அந்த ஸ்டைலஸ். அது விரல் செய்யும் வேலையைத்தான் செய்யும். அழுத்தம் தெரியாது. எந்தப் படலமும் அதற்கு உதவாது.

மார்ச் 5

ஆப்பிள் பென்சில் என்று சொல்லியிருக்கிறீர்கள். எஸ் பென் வைத்திருக்கும் இன்னொருவரும் கேட்டிருக்கிறார். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் வேறுபாடே இங்குதான் இருக்கிறது.

எஸ் பென்னும் வாகம் பேனாக்களும் ஈஎம்ஆர் வகை. திரைக்கு அடியில் இருக்கும் தகடு மின்காந்த அலை அனுப்பும். பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதை வாங்கித் திருப்பி அனுப்பும். வரையும்போது பேட்டரி வேண்டாம் என்பது இதனால்தான். இந்த ஏற்பாட்டில் நிப் வெறும் குச்சி. அழுத்தத்தை உள்ளே இருக்கும் உணரிக்குக் கடத்துவது மட்டும் அதன் வேலை. எனவே பொருளை மாற்றி விளையாடலாம். கடினப் பிளாஸ்டிக், ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்தது), கொஞ்சம் மெத்தென்ற ரப்பர் மாதிரியானது என்று வாகமே பல வகை கொடுத்திருக்கிறது. ஸ்டெட்லர், லாமி போன்ற பேனா, பென்சில் கம்பெனிகள்கூட ஈஎம்ஆர் பேனா போட்டிருக்கின்றன. மரப் பென்சில் தடிமன்தான் பழக்கம் என்றால் ஸ்டெட்லரின் நோரிஸ் டிஜிட்டலைப் பிடித்துப் பாருங்கள். நிப்பை மாற்றுவதைவிடப் பிடியை மாற்றியது எனக்கு ஒரு காலத்தில் அதிகம் உதவியது.

ஆப்பிள் பென்சில் அப்படி இல்லை. சமிக்ஞை முனையிலிருந்தே வெளியே போகிறது. முனைக்குள் மின்சாரம் கடத்தும் பகுதி இருக்கிறது. அதனால் மேலே மாட்டும் சிலிக்கான் உறை தடிமனாக இருந்தால் மெல்லிய கோடு விட்டுப்போகும், சாய்த்து நிழலடிப்பது கெடும். மெல்லிய உறையானால் பிரச்சினை இல்லை. முனை திருகு வகை, விரலாலேயே கழற்றலாம். கோடு நடுநடுவே அறுந்தால் பேனா கெட்டுவிட்டது என்று பயப்படும் முன் முனையை இறுகத் திருகிப் பாருங்கள். தளர்ந்த முனை அந்த வேலையைச் செய்யும்.

உலோக ஊசி முனை என்று சில விற்கிறார்கள். முனை மெலிதாக இருப்பதால் கோடு விழும் புள்ளி நன்றாகத் தெரியும், பார்க்க ஆசையாக இருக்கும். வெறும் கண்ணாடியில் அதை வைக்காதீர்கள். மேட் படலத்தின் மேலும் வேண்டாம், படலத்தை உழுதுவிடும்.

மார்ச் 5, இரவு

விட்டுப்போன ஒன்று. ஃபெல்ட் நிப்பும் சொரசொரப்பான மேட்டும் சேர்ந்தால் நிப் சீக்கிரம் பஞ்சு பஞ்சாகப் பிரிந்துவிடும். எனக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஓடியதே இல்லை. ஃபெல்ட் வழுவழுப்பான பரப்புக்கு நல்லது. பரப்பு சொரசொரப்பு என்றால் நிப் கடினம், பரப்பு வழுவழுப்பு என்றால் நிப் மெத்து. நான் இப்படித்தான் ஜோடி சேர்க்கிறேன். இரண்டும் சொரசொரப்பாக இருந்தால் கை உடனே சொல்லிவிடும்.

மார்ச் 6

படலங்களைப் பற்றி. "மேட்" என்ற ஒரே பெயரில் கடையில் இருப்பவை ஒரே பொருள் கிடையாது. சிலது பிரதிபலிப்பைக் குறைக்க மட்டும் செய்தது. தடவினால் பட்டுப் போல இருக்கும், பேனாவுக்குப் பிடிமானம் பெரிதாகக் கிடைக்காது. சிலது எழுதவும் வரையவும் என்றே மேடு பள்ளம் வைத்துச் செய்தது, பேப்பர்லைக் என்ற பிராண்டு மாதிரி. வாங்கும் முன் நகத்தால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். சர்ரென்று ஓர் ஒலி வந்தால் அது வரைவதற்கானது.

அந்த மேடு பள்ளம் சும்மா வருவதில்லை. ஒவ்வொரு மேடும் ஒரு குட்டி லென்ஸ். அதற்கு அடியில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள். லென்ஸ் அவற்றைச் சிதறடிப்பதால் வெள்ளைப் பரப்பில் மணல் தூவியது போல ஒரு மினுமினுப்பு, கொஞ்சம் வானவில் நிறம். வெள்ளை கான்வாஸில்தான் இது கண்ணை உறுத்தும். நான் கான்வாஸை வெளிர் சாம்பலுக்கோ பழுப்பு வெள்ளைக்கோ மாற்றிவிடுவேன். மினுமினுப்பு பாதி மறைந்துவிடும். நிழலும் வெளிச்சமும் பார்க்கவும் அதுதான் நல்லது.

இன்னொரு இழப்பு கறுப்பு. அறை வெளிச்சம் படலத்தில் பட்டுச் சிதறி எல்லாப் பக்கமும் போவதால் அடர்ந்த கறுப்பு சாம்பலாகத் தெரியும். அதை உண்மை என்று நம்பி நான் ஒரு முழு அட்டைப்படத்துக்கு நிழலைக் கூட்டிக்கொண்டே போனேன். அச்சில் வந்தபோது முகமே இருட்டில் மூழ்கியிருந்தது. கோட்டோவியம் மட்டும் வரைகிறவருக்கு இதில் பெரிய நஷ்டமில்லை. வண்ணம் பூசுகிறவர் யோசிக்க வேண்டும்.

தடிமன் பற்றியும் ஒரு வரி. கண்ணாடி கார்டு தடித்தது, பிளாஸ்டிக் படலம் மெலிது. தடிமன் கூடக் கூடப் பேனா முனைக்கும் கோட்டுக்கும் இடையில் தெரியும் இடைவெளி கூடும். திரையும் மேல் கண்ணாடியும் ஒட்டாமல் நடுவில் காற்று இருக்கும் டேப்லெட்டுகளில் இது ஏற்கெனவே இருக்கிறது. அவற்றின் மேல் இன்னொரு தடித்த கண்ணாடி வேண்டாம்.

மார்ச் 9

நான்கு நாளாக ஒன்று மனதை அரிக்கிறது. முதல் நாள் "மேட் ஒட்டுங்கள்" என்று தடாலடியாகச் சொல்லிவிட்டேன். என் கைக்கு நடந்ததை முழுதாகச் சொல்லவில்லை.

மேட் ஒட்டிய முதல் வருடம் கோடு நன்றாக வந்தது, சரி. ஆனால் சொரசொரப்பில் பேனாவை நகர்த்த எனக்குத் தெரியாமலே அழுத்தம் கூட்டியிருக்கிறேன். நிப் ஒரு பக்கமாகச் சப்பையாகத் தேயும். சப்பையான நிப் இன்னும் இழுக்கும். நான் இன்னும் அழுத்துவேன். ஆறாவது மாதம் கட்டைவிரல் அடியில் ஒரு வலி. காலையில் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. வரைவதை நிறுத்திய பத்து நாளில் குறைந்தது, மறுபடி வரைந்ததும் வந்தது.

என்னைக் காப்பாற்றியது வேறொரு நிப்போ படலமோ இல்லை, அழுத்த வளைவு, அதாவது எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு தடித்த கோடு வரும் என்று தீர்மானிக்கும் அமைப்பு. வரையும் மென்பொருளில் அது முதல் நாளிலிருந்தே இருந்தது. நான் திறந்து பார்த்ததில்லை. கிரிட்டாவில் டேப்லெட் அமைப்புக்குள் ஒரு வளைகோடு இருக்கும், கையால் இழுத்து மாற்றலாம். கிளிப் ஸ்டுடியோவில் பேனா அழுத்த அமைப்பைத் திறந்து, மெதுவாகவும் அழுத்தியும் சில கோடுகள் போட்டால் உங்கள் கைக்கு ஏற்ப அதுவே சரிசெய்யும். புரோகிரியேட்டிலும் அமைப்புகளுக்குள் வளைவு உண்டு. வளைவின் நடுவை மேலே தூக்கினால் லேசான தொடுதலுக்கே தடித்த கோடு வரும். தூக்கினேன். ஒரு வாரம் எல்லாக் கோடும் தடித்தே வந்தது. அப்புறம் கை தானாகத் தளர்ந்தது. நிப்பும் பழையபடி சீக்கிரம் தேயவில்லை.

எனவே உங்களுக்கு என் பதிலை மாற்றுகிறேன். முதலில் வளைவை மாற்றுங்கள். அது போதவில்லை என்றால் நிப் அல்லது மெல்லிய உறை. பிறகும் வழுக்கினால் படலம். முதல் இரண்டும் திரையின் தெளிவைத் தொடுவதே இல்லை, பிடிக்கவில்லை என்றால் ஒரு நிமிடத்தில் திரும்பிவிடலாம்.

மார்ச் 10

"அப்படியானால் மேட்டே வேண்டாமா?" வேண்டும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். பென்சில் மாதிரி குறுக்கும் நெடுக்குமாக நிழலடிக்கும் வேலைக்கு வெறும் கண்ணாடியில் எனக்கு ஓட்டமே வராது. பேப்பரில் கரி கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கிக்கொண்டே போகும். அந்தச் சின்னச் சின்னத் தடைதான் அடுத்த கோட்டை எங்கே வைப்பது என்று கைக்குச் சொல்கிறது. ஒலிகூட அதில் ஒரு பங்கு. நேற்று சொன்னது வரிசையைப் பற்றித்தான்.

மார்ச் 14

ஒட்டும்போது படலத்துக்குள் தூசி என்று கேட்டவருக்கு.

காற்றுக் குமிழி சில நாளில் தானே போய்விடும். தூசிக் குமிழி போகாது, நடுவில் ஒரு புள்ளி தெரியும். குளியலறையில் வெந்நீரைத் திறந்து நீராவி வரவிட்டு நிறுத்துங்கள். நீராவி தூசியைக் கீழே இழுத்துவிடும். ஈரம் கொஞ்சம் தணிந்ததும் அங்கேயே ஒட்டுங்கள். மின்விசிறி வேண்டாம். படலத்தைத் திரை மேல் சரியாக வைத்து, ஒரு பக்கம் மட்டும் டேப்பால் கீல் போல ஒட்டிக்கொள்ளுங்கள். பிறகு கதவு போலத் திறந்து, பின்தாளை உரித்து மூடினால் கோணல் வராது. உள்ளே தூசி தெரிந்தால் அந்த ஓரத்தைத் தூக்கி, செலோடேப்பின் ஒட்டும் பக்கத்தால் மெதுவாகத் தொட்டு எடுங்கள். விரலால் எடுத்தால் ரேகை பதிந்துவிடும்.

முன்பக்கக் கேமராவுக்கு நேராகத் துளை இருக்கிறதா என்று ஒட்டும் முன் பாருங்கள். ஒட்டிய பிறகு பார்த்தவன் நான்.

மார்ச் 15

இரண்டு விரல் மட்டும் மூடும், வரைவதற்கான கையுறை பற்றிக் கேட்டிருந்தார்கள். உள்ளங்கை வியர்த்துத் திரையில் ஒட்டிக்கொள்கிறவர்களுக்கு அது படலத்தைவிட உதவும். வரையும் வளைவுக் கோடு நடுவில் உடைவது பல நேரம் பேனாவால் இல்லை, கை விளிம்பு ஒட்டி நின்றுவிடுவதால்.

மார்ச் 21

மேட் ஒட்டியும் கோடு அலையலையாக வருகிறது என்று எழுதியவர் ஒரு சோதனை செய்ய வேண்டும். திரையில் ஒரு பிளாஸ்டிக் அளவுகோலைச் சாய்வாக வைத்து, மென்பொருளில் கோட்டைச் சீராக்கும் வசதியை முழுதாக அணைத்துவிட்டு, மிக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். அளவுகோல் இருந்தும் கோடு நெளிந்தால் அது உங்கள் கை கிடையாது. திரையின் உணரி சாய்ந்த மெதுவான கோட்டில் பேனாவின் இடத்தைத் துல்லியமாகப் படிக்கவில்லை. எந்தப் படலமும் அதைத் திருத்தாது. ஸ்ட்ரீம்லைன், ஸ்டெபிலைசர் என்று இருக்கும் சீராக்கியைக் கொஞ்சம் கூட்டுங்கள், கோட்டையும் வேகமாகப் போடுங்கள். நேராக வந்தால் பிரச்சினை கையில், அதற்குப் பயிற்சி போதும்.

முதல் நாளே இதைச் சொல்லியிருக்க வேண்டும். வழுக்கலையும் நெளிவையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு நானே இரண்டு படலம் வாங்கினேன்.

ஏப்ரல் 2

திரை கீறிய கதை. அப்போது படலமில்லாமல் ஒரு சீசன் வரைந்துகொண்டிருந்தேன். பழைய ஆப்பிள் பென்சில், முனையை மாற்றாமல் ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டியது. ஓரிரண்டு நாளாகக் கண்ணாடியில் ஒரு கரகரப்பு. தூசி என்று நினைத்துத் துடைத்துத் துடைத்து வரைந்தேன். முனையைத் திருப்பிப் பார்த்தபோது வெள்ளைப் பிளாஸ்டிக்கின் நடுவில் ஊசி முனை அளவு பளபளப்பு. உள்ளே இருக்கும் உலோகம் எட்டிப் பார்க்கிறது. திரையின் நடுவில், நான் எப்போதும் முகம் வரையும் இடத்தில், மூன்று மெல்லிய கோடுகள். அணைத்த திரையைச் சாய்த்துப் பார்த்தால் இன்றும் தெரியும்.

மாதம் ஒரு முறை முனையை விளக்கடியில் சுழற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் சப்பையாக இருந்தாலோ விளிம்பு கூராக இருந்தாலோ மாற்றிவிடுங்கள். சப்பை விளிம்புதான் படலத்தையும் கிழிக்கும். ஈஎம்ஆர் நிப்பானால் இடுக்கியால் நேராக இழுத்து, புதியதை நேராக உள்ளே தள்ளுங்கள். முழுதாக உள்ளே போகாவிட்டால் அழுத்தம் தாறுமாறாகப் படியும்.

ஏப்ரல் 3

படலமும் தேயும், அதைச் சொல்லவே இல்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவில் ஒரு பகுதி மட்டும் வழவழவென்று பளபளக்கும், ஓரங்கள் மேட்டாகவே இருக்கும். அந்த எல்லையைக் கடக்கும்போது கோட்டின் வேகம் மாறும். என்னுடையதில் இது எட்டாவது மாதம் தெரிந்தது. கான்வாஸை அடிக்கடி நகர்த்தி, திரையின் எல்லா இடத்திலும் வரைந்தால் தேய்மானம் பரவும்.

திரை இல்லாத வரைபலகையில் இந்தச் சிக்கலே வேறு. 2017இல் வந்த வாகம் இன்டுவோஸ் ப்ரோவில் மேல்தாளையே மாற்றலாம், வழுவழுப்பு, நடுத்தரம், சொரசொரப்பு என்று மூன்று வகை. வெளிச்சம் ஊடுருவ வேண்டியதில்லை என்பதால் சொரசொரப்புக்கு விலையாகத் தெளிவைக் கொடுக்க வேண்டாம். திரையில் வரைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்கள் அதையும் எண்ணிப் பாருங்கள்.

ஏப்ரல் 4

2024இல் வந்த ஐபேட் ப்ரோவில் நானோ டெக்ஸ்ச்சர் கண்ணாடி உண்டே, அது போதாதா என்று ஒருவர். அது பிரதிபலிப்பைக் குறைக்கச் செய்தது. 1 டெராபைட்டும் அதற்கு மேலும் சேமிப்பிடம் உள்ள மாடல்களில் மட்டும்தான் கிடைக்கிறது. வரைந்து பார்த்தேன். வெறும் கண்ணாடியைவிடக் கொஞ்சம் பிடிமானம் உண்டு, பேப்பர் உணர்வுப் படலம் அளவுக்கு இல்லை. வரைவதற்காக மட்டும் அதைத் தேட வேண்டாம்.

ஏப்ரல் 19

முதலில் கேட்டவர் எழுதியிருக்கிறார். வளைவை மாற்றியிருக்கிறார், மெல்லிய சிலிக்கான் உறை போட்டிருக்கிறார். வால் குறைந்துவிட்டதாம், ஆனால் நிழலடிக்கும்போது இன்னும் பேப்பர் நினைவு வருகிறதாம். எனக்குப் புரிகிறது.

இப்போது என் மேசையில் இருப்பது கழற்றி மாட்டும் மேட் படலம். ஓரத்தில் மட்டும் ஒட்டும், உரித்தால் கறை விடாது. பென்சில் வேலைக்கும் கோட்டு வேலைக்கும் மாட்டுகிறேன், வண்ணத்துக்கு உரித்துவிடுகிறேன். கடினமான சாதாரண முனைதான், உறை இல்லை. படலத்துக்கும் திரைக்கும் நடுவில் தூசி போகாமல் ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டியிருக்கிறது, அது ஒன்றுதான் தொல்லை. உரித்த படலத்தை அது வந்த அட்டைக்குள்ளேயே தட்டையாக வையுங்கள். நான் புத்தகத்துக்குள் வைத்ததில் ஒரு மூலை மடிந்து, அந்த மூலை இப்போது ஒட்டுவதில்லை.